தேநீரில் ஒன்று, நாக்கின் மேல் ஒன்று

என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் உதவித் தலைமையாசிரியை. பாடம் நடத்துவதைவிடப் பரீட்சை அறையில் பிட் பிடிப்பதில்தான் அவளுக்குப் பெயர். ரீஃபில் குழாய்க்குள் சுருட்டி வைத்ததை எடுத்திருக்கிறாள். செருப்புக்கு அடியில் ஒட்டியதை எடுத்திருக்கிறாள். ஒரு பெண் தண்ணீர் பாட்டிலின் லேபிளை உரித்து, உள்பக்கம் வேதியியல் சமன்பாடுகளை எழுதி, மறுபடி ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். மழை பெய்கிற நாளில் ஒருத்திக்கு இத்தனை தாகம் எடுக்க நியாயமில்லையே என்று என் மனைவிக்குத் தோன்றியிருக்கிறது. அவ்வளவுதான், அந்தப் பெண்ணின் கதை முடிந்தது.

இப்படிப்பட்டவளுக்குத் தம்பியாகப் பிறந்து, அவள் கையால் தினமும் மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று என் மைத்துனன் தலையில் எழுதியிருந்தது.

அவனை எல்லோரும் பவர் என்றுதான் கூப்பிடுவோம். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கையில் லென்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தே பவர் இவ்வளவு என்று சொல்லிவிடுவான். மெஷினில் வைத்தால் அதேதான் இருக்கும். அதனால் கடையில் வைத்த பெயர், வீட்டுக்கும் வந்துவிட்டது. அவனுடைய அக்கா மட்டும் தம்பி என்பாள்.

முப்பத்தொரு வயதில் அவனுக்குக் குரல் கேட்க ஆரம்பித்தது. ரேடியோவில் மேட்ச் வர்ணனை சொல்கிறவரின் குரல் போல ஒன்று. பவர் என்ன செய்தாலும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். "இதோ எழுந்துவிட்டார். பல் துலக்கப் போகிறார். துலக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. பிரஷ்ஷை எடுத்துவிட்டார். ஐயோ பாவம், பேஸ்ட் வைக்க மறந்துவிட்டார்." இதை அவன் என்னிடம் நடித்துக் காட்டியபோது நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அப்புறம், "அத்தான், இது ஒரு நாள் கேக்கறதுக்குத் தமாஷ்தான். குளிக்கும்போதும் சொல்றான்," என்றான். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

வர்ணனைக்காரன் என்று அவனே அந்தக் குரலுக்குப் பெயர் வைத்திருந்தான். ஒரு நாள் கடையில், "இந்த லென்ஸைப் போட்டால் அந்த அம்மாவுக்குக் கண் போய்விடும்" என்று வர்ணனைக்காரன் சொல்ல, பவர் ஒரே லென்ஸை மறுபடி மறுபடி தேய்த்து, கடைசியில் அது கையிலேயே உடைந்தது. கடைக்கார அம்மா நல்லவர். திட்டவில்லை. "கொஞ்ச நாள் வீட்டில் இரு" என்றார். அந்தக் கொஞ்ச நாள் பத்து வருஷமாகிவிட்டது.

டாக்டர் இது மனச்சிதைவு நோய் என்றார். முதலில் ரிஸ்பெரிடோன் கொடுத்தார்கள். வர்ணனைக்காரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பவருக்குத்தான் கை நடுக்கம் வந்தது. லென்ஸ் தேய்க்கிறவனுக்குக் கை நடுங்கினால் என்ன மிச்சம்? அளவைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், கடைசியில் அதை நிறுத்திவிட்டு ஒலான்சபைன் ஆரம்பித்தார்கள். அதில் நடுக்கம் போனது, உடம்பு போட்டது. சட்டைகள் எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தன. வர்ணனைக்காரன் மட்டும் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் பேசிக்கொண்டே இருந்தான்.

அப்போது பார்த்த டாக்டர் சீட்டில், "மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லையோ என்று சந்தேகம்" என்று எழுதினார். சந்தேகம் என்ற சொல் என் மனைவியின் கண்ணில் பட்டது. அது போதாதா?

அன்றிலிருந்து எங்கள் வீடு பரீட்சை அறையானது. பவர் மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்ததும், "வாயைத் திற" என்பாள். திறப்பான். "நாக்கைத் தூக்கு." தூக்குவான். "கன்னத்தை இழு." இழுப்பான். டார்ச் அடித்துப் பார்ப்பாள். ஒரு நாள் அவன், "காதையும் பாத்துடு அக்கா, அது வழியாத்தான் ஆள் உள்ள வர்றான்," என்றான். அவள் நிஜமாகவே காதையும் பார்த்தாள்.

ஒரு காலை, அவனுடைய கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது ஒரு மாத்திரை கிடைத்தது. என் மனைவி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பிட் பிடித்த நாளில் அவள் முகத்தில் ஒரு களை வருமே, அது வந்திருந்தது.

"பாத்தீங்களா?"

"கை தவறி விழுந்திருக்கும்," என்றேன்.

"பிட்டோட பிடிச்சா எல்லாப் பிள்ளைங்களும் இதைத்தான் சொல்லும். 'மிஸ், காத்துல பறந்து வந்துச்சு.'"

அவள் போட்ட திட்டம் இதுதான். பழைய சீட்டைக் காட்டி வேறொரு மருந்துக் கடையில் இன்னொரு அட்டை வாங்குவது. தினமும் ஒரு மாத்திரையைப் பொடியாக்கி, பவருடைய காலைத் தேநீரில் கலந்துவிடுவது. கலக்குவது என் வேலை, ஏனென்றால் காலைத் தேநீர் போடுவது நான்தான். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லத் தைரியம் வரவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் இருக்கிற ஸ்டாக் இரண்டு தடவைதான்.

ஆறு மாதம் கலக்கினேன். ஒரு நாள் தம்ளர் மாறிப் போய், மருந்துத் தேநீரை நானே குடித்துவிட்டேன். நான் லிஃப்ட் பராமரிக்கிற மெக்கானிக். அன்று பதினோரு மாடிக் கட்டடத்தில் ஒரு லிஃப்டைச் சோதித்துப் பார்க்க உள்ளே ஏறினேன். அப்படியே மூலையில் சாய்ந்தவன்தான். மேலேயும் கீழேயும் எத்தனை தடவை போய் வந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஏறியவர்கள் இறங்கியவர்கள் எல்லாம் என் காலைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். மத்தியானம் சூப்பர்வைசர் எழுப்பி, "லிஃப்ட் எப்படி இருக்கு?" என்று கேட்டார். "ஆட்டமே இல்ல சார், தூக்கம் வருது," என்றேனாம்.

ஒரு மாத்திரை என்னை இந்தப் பாடு படுத்தினால் பவர் எப்படித் தாங்குகிறான் என்று அன்றே நான் யோசித்திருக்க வேண்டும். அவன் ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் தூங்கினான், மீதி நேரத்தில் வாசலில் நின்று சிகரெட் பிடித்தான். அது சோம்பேறித்தனம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

பழைய டாக்டர் ஊர் மாறிப் போனார். புது டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசுவார், எழுத மட்டும் கீழே இறக்குவார். நாங்கள் மூன்று பேரும் உள்ளே போய் உட்கார்ந்ததும் என் மனைவி ஆரம்பித்தாள். எப்போது தொடங்கியது, என்னென்ன கொடுத்தார்கள், கட்டிலுக்கு அடியில் என்ன கிடைத்தது என்று பாடக் குறிப்பு போல வரிசையாகச் சொன்னாள். தேநீர் விஷயம் மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.

டாக்டர் கேட்டு முடித்துவிட்டுப் பவரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. மாத்திரை சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன் டாக்டர்."

"ஒரு நாள் கூட விடாம?"

"அக்கா இருக்கும்போது விட முடியுமா? டார்ச் வெச்சிருக்கா."

"அப்ப கட்டிலுக்கு அடியில கிடைச்சது?"

"அது கை தவறி உருண்டு போச்சு. தேடிப் பாத்தேன், கிடைக்கல. அட்டையில இருந்து வேற ஒண்ணு எடுத்துச் சாப்பிட்டேன்."

என் மனைவி பெருமூச்சு விட்டாள். 'காற்றில் பறந்து வந்தது' என்கிற பெருமூச்சு.

"சண்டை வேண்டாம்," என்றார் டாக்டர். "ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குனு பாக்க ஒரு டெஸ்ட் இருக்கு. சாப்பிட்டாரா இல்லையானு தெரிஞ்சுடும். அதைத் தெரிஞ்சுக்காம இந்த மருந்து வேலை செய்யலைனு நான் முடிவு பண்ண முடியாது."

வெளியே வந்ததும் என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் ஆதாரம் கிடைக்கப்போகிறது. தேநீரை அவள் மறந்தே போயிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் என்னால் கலந்துகொள்ள முடியவில்லை. நான் எதைக் கலக்கினேன் என்பது எனக்கல்லவா தெரியும்.

ஒன்றரை வாரம் கழித்து மறுபடி போனோம். டாக்டர் தாளைப் பார்த்தார், பவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"மருந்தை ஏமாத்தறவங்க நிறைய பேரை நான் பாத்திருக்கேன்," என்றார். "பாதி சாப்பிடறவங்க, தொட்டிச் செடிக்குப் போடறவங்க, எல்லாரும் வருவாங்க. இது வேற மாதிரி இருக்கு. இதுல ரெண்டு ஆள் சாப்பிட்ட அளவு இருக்கு."

"நான் ஒரு ஆளுக்குத்தான் சாப்பிட்டேன்," என்றான் பவர்.

என் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மூன்று இறக்கை. ஒன்றில் தூசி அதிகம். டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சாருக்கு ஏதாவது தெரியுமா?"

பரீட்சை அறையில் மாட்டுகிற பிள்ளைகள் மேல் எனக்கு அந்த நொடியில் வந்த பாசம் அதுவரை வந்ததில்லை. "காலைத் தேநீர்..." என்று ஆரம்பித்தேன். மீதியை என் மனைவியே சொன்னாள். நின்றுகொண்டு சொன்னாள், யாரும் அவளை எழுந்து நிற்கச் சொல்லவில்லை.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் சொன்னது ஒவ்வொன்றும் உறைத்தது. இரண்டு மடங்கு அளவு இதயத்தைப் பாதித்திருக்கலாம். இவர் பதினாலு மணி நேரம் தூங்கியது இதனால்தான். ஒருவருக்குத் தெரியாமல் அவர் வாயில் மருந்து போடுவது, அது எவ்வளவு பாசத்தோடு செய்தாலும், செய்யக் கூடாத காரியம். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஏற்கெனவே குனிந்திருந்தேன்.

"ஒரு விஷயம் மட்டும் தெளிவாயிடுச்சு," என்று டாக்டர் பவரிடம் சொன்னார். "நீங்க ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்கீங்க. தோத்தது மருந்துதான், நீங்க இல்லை. ரெண்டு மருந்தை முழு அளவுல, வேண்டிய காலம் பாத்தாச்சு. இதுக்கு மேல இதையே கூட்டிக் குறைச்சுட்டு இருக்கறதுல பிரயோஜனம் இல்லை. அடுத்தது குளோசபைன்னு ஒண்ணு இருக்கு. இந்த மாதிரி மத்த மருந்துக்கு மசியாத நோய்க்குனே இருக்கறது."

"இத்தனை வருஷமா ஏன் யாரும் சொல்லலை?" என்று கேட்டான் பவர்.

"அதுல வேலை ஜாஸ்தி. நூறு பேர்ல ஒருத்தருக்கும் குறைவா, ரத்தத்துல வெள்ளை அணு ரொம்பக் குறைஞ்சு போகலாம். அது ஆபத்து. அதனால முதல் பதினெட்டு வாரம் வாராவாரம் ரத்தம் எடுத்துப் பாக்கணும். அப்புறம் இடைவெளி விட்டு, மருந்து சாப்பிடற வரைக்கும். தொண்டை வலி, காய்ச்சல்னா அன்னிக்கே வரணும். ரெண்டு நாள் மாத்திரை விட்டுப் போச்சுனா விட்ட இடத்துல இருந்து தொடரக் கூடாது, என்கிட்ட வந்து மறுபடி அடியிலிருந்து ஆரம்பிக்கணும். இவ்வளவுக்கும் பயந்துகிட்டுத்தான் பல டாக்டருங்க தள்ளிப் போடறாங்க. எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பாதிப் பேருக்காவது நல்லா இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க. உங்க உடம்பு, நீங்கதான் சொல்லணும்."

பவர் யோசித்தான்.

"சாப்பிடறேன் டாக்டர். ஒரு நிபந்தனை. அது உங்களுக்கு இல்லை, அக்காவுக்கு."

நிபந்தனை என்னவென்று வீட்டுக்கு வந்துதான் சொன்னான். புது நோட்டு ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, முதல் வரியை அவனே எழுதினான். 'நான் என் தம்பியின் தேநீரில் அவனுக்குத் தெரியாமல் எதையும் கலக்க மாட்டேன்.'

"நூறு தடவை எழுது."

"நூறா? நான் பிள்ளைங்களுக்கே அம்பதுதான் கொடுப்பேன்."

"பிள்ளைங்க தேநீர்ல மருந்து கலக்கலையே."

அவள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். பவர் தூங்கப் போனான். பழைய மருந்து ரத்தத்தில் இன்னும் குறையவில்லை. அறுபதாவது வரியில் என் மனைவி கையை உதறினாள். எத்தனையோ பிள்ளைகளை எழுத வைத்த கை, எழுதிப் பழக்கமில்லை. என்னைப் பார்த்தாள். "ஒரு இருபது மட்டும் எழுதிக் கொடுங்களேன். கலக்கினது நீங்கதானே." அதில் நியாயம் இருந்தது. அறுபத்தொன்றிலிருந்து எண்பது வரை நான் எழுதினேன், அவள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி சாய்த்து.

சாயங்காலம் பவர் எழுந்து வந்து நோட்டை வாங்கினான். அலமாரியைத் திறந்து, லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டான். பத்து வருஷமாக அவன் அதைத் தொடவில்லை. ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்திக்கொண்டே வந்தான். விரல் ஓரிடத்தில் நின்றது.

"அக்கா, அறுபத்தொண்ணுல இருந்து 'த'வுக்கு வால் நீண்டு போச்சு."

"கை வலிச்சுது."

"வலிச்சா வால் குறையணும். இது லிஃப்ட் ரிப்பேர் ரசீதுல இருக்கற 'த'." கண்ணாடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஆள் மாறாட்டம். உங்க பள்ளிக்கூடத்துல இதுக்கு என்ன தண்டனை அக்கா?"

என் மனைவி பேனாவை மூடினாள். "மூணு வருஷம் எழுத விட மாட்டோம்," என்றாள்.

"நான் அவ்வளவு கொடுமைக்காரன் இல்லை. இன்னொரு தடவை எழுதிடு. அத்தான் வெளியில உட்காரட்டும்."

நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றி நடந்தான். நடுவில் ஒரு தடவை அவளுடைய கைப்பையைத் தூக்கி அலமாரி மேல் வைத்தான். அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. பின்னால் என்னிடம் சொன்னான்: "முதல் தடவையா வர்ணனைக்காரன் என்னை விட்டுட்டு அக்காவைச் சொன்னான் அத்தான். 'இதோ எழுபத்திரண்டாவது வரி. கை சோர்ந்துவிட்டது' அப்படின்னான்."

எழுதி முடித்ததும் அவள் நோட்டை மூடினாள். சிரித்துக்கொண்டுதான் மூடினாள், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு வேற என்ன செய்யறதுனு தெரியல தம்பி."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே. சாப்பிட்டேன்னு சொன்னே."

"சொன்னதை நம்பியிருக்கலாம்."

நான் ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அன்றைக்குத் தேநீர் போட்டது பவர். மூன்று தம்ளரையும் வரிசையாக வைத்து, எது வேண்டுமோ முதலில் எடுத்துக்கொள் என்று அக்காவிடம் சொன்னான். அவள் எடுத்ததும் எடுக்காததுமாக, "என்ன கலந்தேன்னு கேக்க மாட்டியா?" என்றான்.

பழைய மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே குளோசபைன் ஆரம்பித்தார்கள். முதல் நாள் அரை மாத்திரை, ஒரு கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. பத்து வருஷத்து வர்ணனைக்காரனை இதுவா வாயை மூட வைக்கப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். வாராவாரம் செவ்வாய்க்கிழமை ரத்தம். பவர்தான் குத்திக்கொண்டான், என் மனைவிதான் முகத்தைச் சுளித்தாள். அவளுக்கு ஊசி என்றால் உயிர் போகும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது வாரம், ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் அப்படியே சுவரில் சரிந்தாள். ரத்தம் எடுக்கிற பெண் ஊசியைப் பவர் கையில் அப்படியே பிடித்துக்கொண்டு, "யாரும்மா பேஷன்ட் இங்க?" என்று கேட்டாள். பவர் இருந்த இடத்திலிருந்தே காலை நீட்டி, அக்கா தலைக்கு முட்டுக் கொடுத்தான்.

மருந்து சும்மா வரவில்லை, கூடவே படை பரிவாரத்தையும் அழைத்து வந்தது. தூக்கத்தில் வாயில் எச்சில் ஊறித் தலையணை நனைந்தது. மேலே ஒரு துண்டு விரித்தோம். காலையில் எழுந்தால் தலை கனத்தது. மலச்சிக்கல் வந்தது. நாங்கள் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. டாக்டர்தான், வெள்ளை அணுவைவிட அதிகமாக அதைப் பற்றிக் கேட்டார். இந்த மருந்தில் அதை அசட்டையாக விட்டுக் குடல் அடைத்து உயிரை விட்டவர்கள் உண்டு என்றார். அதற்கும் மருந்து எழுதினார். என் மனைவி உடனே ஒரு அட்டவணை போட்டுக் குளியலறைக் கதவில் ஒட்டினாள். தேதி, போனது, போகாதது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பவர் அதில் எனக்கும் அவளுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு வைத்திருந்தான். "வீட்டுல பாரபட்சம் வேண்டாம்," என்றான். என் கட்டத்தில் நான் நேர்மையாக எழுதினேன். என் மனைவி அட்டவணையைக் கிழித்துவிட்டாள்.

ஒன்பதாவது வாரம் ஒரு குழப்பம். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று மத்தியானம் வரை எழவில்லை. எழுந்தால் தள்ளாடினான். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றான். டாக்டரிடம் ஓடினோம். அவர் பரிசோதித்துவிட்டு மருந்தின் அளவைப் பார்க்க ரத்தத்துக்கு எழுதினார். எழுதும்போதே கேட்டார்:

"புதுசா ஏதாவது மாறிச்சா? வேற மாத்திரை? சாப்பாடு?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றாள் என் மனைவி. "ஒரு நல்ல விஷயம் மட்டும் நடந்தது. சிகரெட்டை நிறுத்திட்டான். நான்தான் நிறுத்த வெச்சேன். பத்து நாளாச்சு." சொல்லும்போது முகத்தில் அந்தக் களை வந்துவிட்டது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சிகரெட் புகை உள்ளே போனால் ஈரல் இந்த மருந்தை வேகமாகக் கரைத்துவிடுமாம். புகை நின்றால் கரைவதும் குறைந்து, அதே மாத்திரை உடம்பில் இன்னும் அதிகமாகத் தேங்கிவிடுமாம். "நிறுத்தினது ரொம்ப நல்ல காரியம். மறுபடி பிடிக்க வேண்டாம். ஆனா நிறுத்தறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், நான் அளவைக் குறைச்சிருப்பேன். ஆக, மறுபடியும் கூடுதல் மருந்து. மறுபடியும் நீங்க."

"தேநீர்ல எதுவும் கலக்கல டாக்டர்," என்றாள் அவள், ரொம்ப மெதுவாக.

பவர் அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்தான். "இன்னொரு நூறு போடலாமா டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு எதையோ எழுத ஆரம்பித்தார். அவர் எதுவும் எழுதவில்லை, சிரிப்பை அடக்குகிறார் என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரிந்தது.

அளவைக் குறைத்தார்கள். நாலைந்து நாளில் தெளிந்தான்.

பன்னிரண்டாவது வாரமோ பதின்மூன்றாவதோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பவர் குளிக்கப் போய் ரொம்ப நேரமாகியும் வரவில்லை. தண்ணீர் விழுகிற சத்தமும் நின்றுவிட்டது. என் மனைவி இரண்டு தடவை கதவருகே போய்விட்டுத் திரும்பி வந்தாள். தட்டவில்லை, அதற்குள் அவள் அவ்வளவு பழகியிருந்தாள். மூன்றாவது தடவை என்னைத் தள்ளிவிட்டாள்.

"பவர், ஆச்சா?"

கதவைத் திறந்துகொண்டு வந்தான். தலையைத் துவட்டவே இல்லை. கண் சிவந்திருந்தது.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல அத்தான். அதான் ஆச்சு." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "சோப்பு எடுத்தேன், தேய்ச்சேன், ஊத்தினேன். யாரும் ஒண்ணும் சொல்லல. பத்து வருஷத்துல முதல் தடவையா, யாருக்கும் தெரியாம குளிச்சேன்."

என் மனைவி அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன.

வர்ணனைக்காரன் ஒரேயடியாகப் போய்விட்டான் என்று சொல்ல மாட்டேன். சில நாள் வருவான். "சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ரேடியோ வெச்ச மாதிரி இருக்கு, என்ன சொல்றான்னு காது கொடுத்தாத்தான் கேக்கும்," என்பான் பவர். காது கொடுப்பதா வேண்டாமா என்பது இப்போது அவன் இஷ்டம். உடம்பு எடை இன்னும் தொல்லைதான். காலை பத்து மணிக்கு முன்னால் அவனிடம் பேசினால் பதில் வராது. எச்சில் துண்டு கொடியில் தினமும் காய்கிறது.

பதினைந்தாவது வாரம் அவனே கண்ணாடிக் கடைக்குப் போனான். எங்களிடம் சொல்லவில்லை. கடைக்கார அம்மா அவனைப் பார்த்ததும், "கொஞ்ச நாள்னா இவ்வளவா?" என்று கேட்டாராம். மத்தியானம் ஒரு மணியிலிருந்து சாயங்காலம் வரை, மூன்று மாதம் பார்க்கலாம் என்று ஏற்பாடு. முதல் நாள் திரும்பி வந்தவனிடம் எப்படி இருந்தது என்று ஆவலாகக் கேட்டோம்.

"இப்பல்லாம் லென்ஸை மெஷினே அளந்து மெஷினே தேய்ச்சுடுது அத்தான். பக்கத்துல நின்னு வர்ணனை சொல்றதுதான் என் வேலை."

ஆனால் இரண்டு வாரத்தில், மெஷின் தப்பாக வெட்டிய ஒரு லென்ஸை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தான் என்று கடைக்கார அம்மாவே என் மனைவிக்குப் போன் செய்து சொன்னார். அதை அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னாள்.

பதினெட்டு வாரம் முடிந்து, வாராவார ரத்தம் இனி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்றானபோது டாக்டரைப் பார்க்கப் போனோம். பெயரைக் கூப்பிட்டார்கள். வழக்கம்போல மூன்று பேரும் எழுந்தோம். பவர் திரும்பி எங்களைப் பார்த்தான்.

"இன்னிக்கு நான் மட்டும் போறேன்."

"கேக்க வேண்டியதெல்லாம் எழுதி வெச்சிருக்கேன்டா," என்று என் மனைவி தாளை நீட்டினாள். வாங்கிப் படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே எடை பார்க்கிற மெஷின். ஒரு வயதானவர் அதில் ஏறுவதும், செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறுவதுமாக இருந்தார். என் மனைவி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கனமான கதவு, பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் போயிற்று, பத்து போயிற்று. திடீரென்று உள்ளே டாக்டர் சிரிக்கிற சத்தம். பவரும் சேர்ந்துகொண்டான். நிற்காமல் சிரித்தார்கள்.

"என்ன சிரிப்பு?" என்றாள் அவள்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னைப் பத்தித்தான் இருக்கும்."

"இருக்கலாம்," என்றேன். மூன்றாவது தடவைக்குக்கூட இப்போது எனக்குத் தைரியம் வந்திருந்தது.

பவர் வெளியே வந்தான். கையில் சீட்டு. முகம் துடைத்துவிட்ட மாதிரி சாதாரணமாக இருந்தது. "போலாம்," என்றான்.

பஸ்ஸில் அவன் ஜன்னலோரம், நடுவில் அவள், இந்தப் பக்கம் நான். இரண்டு நிறுத்தம் வரை பொறுத்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ரத்தம் நல்லா இருக்கு. அளவு இதே இருக்கட்டும்னாங்க."

"அது இல்லை. எதுக்குச் சிரிச்சீங்க?"

"அது எனக்கும் டாக்டருக்கும் அக்கா."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் டிக்கெட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். மறுபடி அவன் பக்கம் திரும்பினாள். அவன் சட்டைப் பையில் அவள் கொடுத்த தாளின் முனை தெரிந்தது. அவள் கை மெல்ல, தன்னை அறியாமல், அந்தப் பக்கம் போனது. பாதி வழியில் நின்றது. கையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். மற்ற கையால் அதைப் பிடித்தும் கொண்டாள்.

பவர் ஜன்னலுக்கு வெளியே, கடைப் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தான்.